புல்லட்: ஒரு சிறு உருண்டையின் கதை



பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி நடக்கும் நாளில் நீங்கள் திடலுக்குப் போயிருப்பீர்கள். ஒரு மாணவன் இரும்பு உருண்டை ஒன்றைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து, உடம்பைத் திருப்பி, முழு பலத்தோடு உந்தி எறிவான். அதை நாம் குண்டு எறிதல் என்கிறோம். மலாய் மொழியில் அதன் பெயர் 'லொந்தார் பெலுரு'. ஆங்கிலத்தில் 'ஷாட் புட்'.

இப்போது சற்று யோசித்துப் பாருங்கள். மாணவன் எறியும் உருண்டைக்கும், துப்பாக்கியிலிருந்து பாய்ந்து ஆளைக் கொல்லும் பொருளுக்கும் மூன்று மொழிகளிலும் ஒரே பெயர்! தமிழில் இரண்டும் குண்டு. மலாயில் இரண்டும் பெலுரு. ஆங்கிலத்தில் இரண்டும் ஷாட். எங்கோ மூன்றும் ஓரிடத்தில் சந்தித்திருக்க வேண்டும் அல்லவா? அந்த இடத்தைத் தேடிப் போவதுதான் இன்றைய பேச்சு. நமக்கு வழிகாட்டியாக ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அறிந்த சொல் அது: புல்லட்.

புல்லட் என்றதும் நமக்குப் போலீஸ்காரரின் துப்பாக்கி நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அதில் துப்பாக்கியும் இல்லை, சாவும் இல்லை. பிரெஞ்சு மொழியில் 'பூல்' என்றால் உருண்டை. 'பூலெட்' என்றால் சின்ன உருண்டை. இன்றைக்கும் பிரான்சு நாட்டில் இறைச்சியைக் கொத்தி உருட்டிச் சமைக்கும் உருண்டைக்கு பூலெட் என்றுதான் பெயர். நம் வீட்டில் பருப்பு உருண்டைக் குழம்பு வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் இருந்த அந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய் புல்லட் ஆயிற்று. அங்கே போன பிறகு அதற்குக் கிடைத்த வேலை வேறு. அந்தக் காலத்தில் துப்பாக்கியில் போட்டுச் சுடுவதற்கு ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, கோலிக்குண்டு போல உருண்டை செய்தார்கள். ஈயம் 327 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடும் உலோகம். விறகு அடுப்பும் ஓர் இரும்புக் கரண்டியும் இருந்தால் போதும், சிப்பாய் தன் உருண்டையைத் தானே வார்த்துக்கொள்வான். உருண்டையாக இருந்ததால் அதற்குச் சின்ன உருண்டை என்றே பெயர் நிலைத்தது.

நம் தமிழும் இதே வழியில்தான் போயிருக்கிறது. குண்டு என்றால் முதலில் உருண்டையானது, திரண்டது என்றே பொருள். குண்டுமல்லி, குண்டூசி, குண்டுப் பிள்ளை என்று சொல்கிறோம். அவற்றில் வெடிமருந்து எதுவும் இல்லை. உருண்டை என்பதற்குத் தமிழில் உண்டை என்றும் ஒரு சொல் உண்டு. களிமண்ணை உருட்டி, வில்லில் வைத்து அடிப்பதற்கு உண்டைவில் என்று பெயர். கம்பராமாயணம் கேட்டவர்களுக்கு இது நினைவிருக்கும். சிறுவனாக இருந்த இராமன் விளையாட்டாகக் கூனியின் முதுகில் அடித்தது மண்ணுண்டையால்தான். அந்த வலியை அவள் மறக்கவில்லை. ஒரு மண்ணுருண்டை ஓர் அரசகுமாரனைக் காட்டுக்கு அனுப்பி வைத்தது என்று கவிஞர் நமக்குச் சொல்லாமல் சொல்கிறார்.

துப்பாக்கி வந்த பிறகு தமிழில் இன்னும் சில சொற்கள் சேர்ந்தன. உப்புமா கிளறுகிற ரவையைப் போலப் பொடிப்பொடியான ஈயமணிகளுக்கும் ரவை என்றே பெயர் வந்தது. குண்டு, வெடிமருந்து, அதைத் தீப்பற்ற வைக்கும் பொருள் ஆகிய மூன்றும் ஒரே உறைக்குள் அடங்கியது தோட்டா; அது இந்துஸ்தானி வழியாக வந்த சொல். குண்டும் தோட்டாவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றல்ல. சுட்டவுடன் பறந்து போவது குண்டு. சுட்டவன் காலடியில் விழுந்து கிடக்கும் வெற்று உறை, தோட்டாவின் மிச்சம். ஆங்கிலத்திலும் இந்த வேற்றுமை உண்டு: பறந்து போவதற்குத்தான் புல்லட் என்று பெயர்.

இனி மலாய்ச் சொல்லுக்கு வருவோம். 1511ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அல்போன்சோ தெ அல்புகர்க் என்ற போர்த்துகீசியத் தளபதி மலாக்காவைப் பிடித்தான். சுல்தான் மஹ்மூத் ஷாவின் படைகளிடமும் பீரங்கிகள் இருந்தன. ஆயினும் நகரம் விழுந்தது. போர்த்துகீசியர் 130 ஆண்டுக் காலம் அங்கே இருந்தார்கள். அவர்கள் கட்டிய கோட்டையின் ஒரு வாசல் மட்டும் இன்று மிஞ்சி நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் உங்கள் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்திருப்பார்கள். கோட்டை இடிந்த பிறகும் இடியாமல் நின்றவை அவர்கள் விட்டுப் போன சொற்கள். பீரங்கிக் குண்டுக்கு போர்த்துகீசிய மொழியில் 'பெலோரு' என்று பெயர். அதுவே மலாய் மொழியில் பெலுரு ஆயிற்று. 1641இல் டச்சுக்காரர்கள் வந்து போர்த்துகீசியரை விரட்டினார்கள். அவர்களுடைய 'ஸ்னாப்ஹான்' என்ற துப்பாக்கிப் பெயர் மலாயில் 'செனாப்பாங்' ஆனது. ஆக, துப்பாக்கிக்கு டச்சுக்காரன் பெயர், அதன் குண்டுக்கு போர்த்துகீசியன் பெயர். யார் யார் வந்து சுட்டார்கள் என்பதை ஒரு மொழியின் சொற்களே கணக்கு எழுதி வைத்திருக்கின்றன.

பெலோரு என்ற அந்தப் போர்த்துகீசியச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் முடிவில் அது நமக்கு மறுபடியும் தேவைப்படும்.

புல்லட் என்றால் சின்ன உருண்டை என்று சொன்னேன். ஆனால் இன்றைய புல்லட் உருண்டையாக இல்லையே, கூர்மையாக அல்லவா இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. உருண்டைக் குண்டு வழவழப்பான குழாயில் இங்குமங்கும் மோதிக்கொண்டு வெளியே வரும். எந்தப் பக்கம் திரும்பும் என்று சுட்டவனுக்கே தெரியாது. குழாயின் உட்புறத்தில் திருகு வரிகள் வெட்டிவிட்டால் குண்டு பம்பரம் போலச் சுழன்று நேராகப் போகும். ஆனால் குண்டு அந்த வரிகளை இறுகப் பற்ற வேண்டும். இறுகினால் குழாய் வாய் வழியாக அதை உள்ளே தள்ளுவது கடினம். இந்தச் சிக்கலை 1840களின் இறுதியில் மினியே என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி தீர்த்தார். அவருடைய குண்டு உருண்டை அல்ல. முனை கூம்பியது, அடியில் குழிவானது. உள்ளே எளிதாக இறங்கும். வெடித்ததும் அடிப்பகுதி விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும். அன்றோடு உருண்டை வடிவம் போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை.

இந்தப் புதிய முறையை வைத்து ஆங்கிலேயர் ஒரு துப்பாக்கி செய்தார்கள். லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்ற ஊரில் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதனால் அதற்கு என்ஃபீல்டு துப்பாக்கி என்று பெயர். அது இந்தியாவுக்கு வந்தபோது நடந்தது என்ன என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். குண்டும் மருந்தும் காகித உறையில் சுற்றியிருக்கும். சிப்பாய் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழாயில் கொட்ட வேண்டும். அந்தக் காகிதத்தில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு பாசறைகளில் பரவியது. இந்துவும் கடிக்க மாட்டான், முஸ்லிமும் கடிக்க மாட்டான். 1857 மார்ச் 29ஆம் நாள் பாரக்பூரில் மங்கள் பாண்டே தன் அதிகாரிகளை எதிர்த்து நின்றான். மீரட் நகரில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களை விலங்கு பூட்டிச் சிறையில் அடைத்தார்கள். மறுநாள், மே 10ஆம் நாள், மீரட் பற்றி எரிந்தது. அந்த எழுச்சி ஓயும் முன்னே கம்பெனி ஆட்சியே முடிந்துவிட்டது. கொழுப்பு மட்டும்தான் காரணம் என்று எந்த வரலாற்று ஆசிரியரும் சொல்லமாட்டார். நிலம் போன குறை, சம்பளக் குறை, மானம் போன குறை எல்லாம் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்தன. தோட்டா அதற்கு நெருப்பு வைத்தது.

கடிப்பது என்றதும் இன்னொரு செய்தி. 'புல்லட்டைக் கடி' என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. வேறு வழியில்லாத துன்பத்தை வாய் திறக்காமல் தாங்கிக்கொள் என்பது அதன் பொருள். நாம் 'பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்' என்போம் அல்லவா, அதுவே. ஆனால் அங்கே பல்லுக்கு இடையில் ஏன் ஈயக்குண்டு வந்தது? 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் வெளியான ஒரு கொச்சைச்சொல் அகராதி இதற்கு ஒரு செய்தி தருகிறது. ஆங்கிலேயப் படையில் சிப்பாய்களுக்குச் சாட்டையடி தண்டனை உண்டு. அடிபடும்போது கத்துவது அவமானம் என்று சில படைப்பிரிவுகளில் கருதினார்கள். சத்தம் வெளியே வராமல் இருக்க அடிபடுகிறவன் வாயில் ஒரு குண்டைப் போட்டு மென்றுகொண்டிருப்பானாம். பிறரைச் சுடுவதற்குக் கொடுத்த குண்டு, தன் அழுகையை விழுங்குவதற்கும் உதவியது. ஏழைச் சிப்பாயின் நிலைமை எந்த நாட்டிலும் இதுதான்.

கல்கத்தாவுக்கு அருகில் டம்டம் என்று ஓர் இடம் இருக்கிறது. இன்று அங்கே பெரிய விமான நிலையம் உள்ளது. 1890களில் அங்கிருந்த ஆங்கிலேயப் படைக்கலச் சாலையில் ஒரு புதுவகைக் குண்டு செய்தார்கள். உடம்பில் பட்டதும் முனை விரிந்து பெரும் புண்ணை உண்டாக்கும். அந்த ஊரின் பெயரே அதற்கு ஆயிற்று: டம்டம் புல்லட். 1899ஆம் ஆண்டு ஹேக் நகரில் கூடிய நாடுகள் இனிப் போரில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தன. பிரிட்டன் அப்போது அதை ஏற்கவில்லை, 1907இல்தான் ஏற்றது. கொல்வதற்கும் ஒரு வரம்பு வேண்டும் என்று உலகம் பேசிய முதல் தருணங்களில் அது ஒன்று.

இவ்வளவு கொடுமை சொன்ன பிறகு, இந்தச் சொல் செய்த நல்ல வேலைகளையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் பால் எர்லிஹ் என்ற மருத்துவ அறிஞர் இருந்தார். நோய்க்கிருமியை மட்டும் தேடிப் போய் அடித்து, நோயாளியின் உடம்பைத் தொடாமல் விடும் மருந்து ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர் எண்ணினார். அதற்கு அவர் வைத்த பெயரை ஆங்கிலத்தில் 'மேஜிக் புல்லட்', அதாவது மாயக் குண்டு என்று சொன்னார்கள். 1891இலேயே அவர் துணிக்குப் போடும் நீலச் சாயம் ஒன்றை மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். பிறகு ஜப்பானிய அறிஞர் ஹாத்தாவோடு சேர்ந்து மேகநோய்க்கு மருந்து கண்டார்; 1910இல் அது விற்பனைக்கு வந்தது. மலேரியா என்றால் என்ன என்பது காட்டை அழித்துத் தோட்டம் போட்ட நம் முன்னோர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொல்லும் சொல்லைக் குணப்படுத்தும் சொல்லாக மாற்றியவர் எர்லிஹ்.

ஜப்பானில் 1964 அக்டோபர் 1ஆம் நாள் தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையில் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ரயில் ஓடத் தொடங்கியது. வேகமும் கூம்பிய முகமும் சேர்ந்து அதற்கு உலகம் முழுவதும் புல்லட் ரயில் என்ற பெயரைக் கொடுத்தன. உங்கள் பிள்ளைகளின் பாடநூலைப் பாருங்கள். கருத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும்போது ஒவ்வொன்றின் முன்னாலும் கரும்புள்ளி ஒன்று இருக்கும். அச்சுத் தொழிலில் அதற்கும் புல்லட் என்றே பெயர். பழைய உருண்டை வடிவம் அங்கே தப்பிப் பிழைத்திருக்கிறது!

பிறகு, மோட்டார் சைக்கிள். இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் ஒரு சைக்கிள் நிறுவனம், என்ஃபீல்டு தொழிற்சாலைக்குத் துப்பாக்கி உறுப்புகள் செய்து கொடுக்கும் வேலையைப் பெற்றது. அந்தப் பெருமையில் தன் வண்டிகளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் சூட்டியது. 1930களின் தொடக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு புல்லட் என்று பெயர் வைத்தது. 1955 முதல் அந்த வண்டி சென்னையில் தயாராகத் தொடங்கியது. ரெடிச் தொழிற்சாலை பின்னர் மூடப்பட்டுவிட்டது. சென்னையை அடுத்த ஆலைகளிலிருந்து வண்டிகள் இன்றும் வெளிவந்துகொண்டிருக்கின்றன. 1857இல் சிப்பாய்கள் எந்த ஊர்ப் பெயர் கொண்ட துப்பாக்கியின் தோட்டாவைத் தொட மறுத்தார்களோ, அதே ஊர்ப் பெயர் கொண்ட புல்லட்டில் இன்று தமிழ்நாட்டு விவசாயி மனைவியை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறார். காலம் செய்யும் வேலை இது.

எல்லா மாற்றமும் நன்மைக்கே என்று சொல்லிவிட முடியாது. ரப்பரை நாம் பாலாகவும், ஷீட்டாகவும், பிள்ளைகள் கவண் கட்டும் பட்டையாகவும் அறிவோம். 1970ஆம் ஆண்டு வட அயர்லாந்தில் ஆங்கிலேய ராணுவம் கூட்டத்தைக் கலைக்க ரப்பர் புல்லட்டுகளைச் சுடத் தொடங்கியது. உயிருக்கு ஆபத்து இல்லை என்று சொல்லிக் கொண்டுவந்தது அது. ஆனால் ரப்பர் குண்டாலும், அதற்குப் பின் வந்த பிளாஸ்டிக் குண்டாலும் அங்கே 17 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. மென்மையான பொருளால் செய்தாலும் குண்டு குண்டுதான்.

நேயர்களே, இதுவரை வெளிநாட்டுக் கதைகளைச் சொன்னேன். இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

1941ஆம் ஆண்டு சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில், நம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவை என்னென்ன? சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். மே மாதத்தில் அவர்களுடைய தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். கைதுக்குப் பிறகு கிளர்ச்சி பரவியது. இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம் என்று சொன்னவர்களுக்குப் புல்லட் பதிலாக வந்தது.

போர் முடிந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1948 ஜூன் 16ஆம் நாள் பேராக்கில், சுங்கை சிப்புட்டில், மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது, 1960 ஜூலை 31 வரை பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. அந்தக் காலத்தைக் கண்ட முதியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டதையும், ஊரடங்கையும், பால்மரம் வெட்டப் போகும்போது கையில் சோறு கொண்டுபோகக் கூடாது என்று தடுத்துச் சோதித்ததையும் சொல்வார்கள். காட்டிலிருந்து வந்தவனும் துப்பாக்கியோடு வந்தான். அவனைத் தேடி வந்தவனும் துப்பாக்கியோடு வந்தான். இருவருக்கும் நடுவில் நிரையில் நின்றவர் பால் வாளியோடு நின்றார்.

அந்தக் காலத்துச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்குத் தண்டனை கிடைக்கும். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசாங்கம் கேட்டுக்கொண்டும் தண்டனை மாறவில்லை. அதற்கு முதல் நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவர்கள் தேர்ந்த வழி சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பேச்சின் வேலையன்று. இரண்டு நாளில் இரண்டு தமிழர்களின் வாழ்க்கை, ஒன்று புல்லட்டாலும் மற்றொன்று புல்லட்டை வைத்திருந்ததாலும் முடிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இப்போது, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன போர்த்துகீசியச் சொல்லுக்குத் திரும்புவோம். பெலோரு என்றால் பீரங்கிக் குண்டு என்றேன். அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. பழங்காலப் போர்த்துகலில் ஊராட்சிப் பொறுப்புக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது, தகுந்தவர்களின் பெயர்களை எழுதி மெழுகு உருண்டைக்குள் வைத்து மூடுவார்கள். உருண்டைகளைப் பையில் போட்டு, ஒரு சிறுவனை அழைத்து எடுக்கச் சொல்வார்கள். அந்த மெழுகு உருண்டைக்கும் பெலோரு என்றே பெயர்!

இத்தாலியில் வெனிஸ் நகரத்திலும் இப்படித்தான். அங்கே வாக்கெடுப்புக்குச் சின்ன உருண்டைகளைப் பயன்படுத்தினார்கள். உருண்டையைப் பெட்டிக்குள் போடும்போது யார் எந்தப் பக்கம் என்று பிறருக்குத் தெரியாது. நகரத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில், தெருவில் முதலில் எதிர்ப்படும் சிறுவனைக் கூட்டி வந்து உருண்டைகளை எடுக்கச் சொல்வார்கள். சின்ன உருண்டைக்கு இத்தாலிய மொழியில் 'பல்லோத்தா'. அதுவும் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போயிற்று. அங்கே அதன் பெயர் 'பாலட்'. வாக்குச்சீட்டுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொல் அதுதான்.

பார்த்தீர்களா? புல்லட் என்றால் சின்ன உருண்டை. பாலட் என்றாலும் சின்ன உருண்டை. ஒரே நூற்றாண்டில் ஆங்கிலக் கரையில் இறங்கிய இரண்டு சொற்கள். ஒன்று துப்பாக்கிக் குழாய்க்குள் போயிற்று. மற்றொன்று வாக்குப்பெட்டிக்குள் போயிற்று. 1964இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் மால்கம் எக்ஸ் 'பாலட்டா, புல்லட்டா' என்ற தலைப்பில் பேசியபோது, ஓசையில் ஒத்த இரு சொற்களைத்தான் எதிரெதிரே நிறுத்தினார். பொருளிலும் அவை ஒத்தவை.

நம் நாட்டில் அந்த இரண்டாவது உருண்டை நம் கைக்கு வர நாளாயிற்று. 1955 ஜூலை 27ஆம் நாள் மலாயாவில் முதல் கூட்டரசுத் தேர்தல் நடந்தது. 52 இடங்களில் 51 இடங்களைக் கூட்டணி வென்றதை எல்லாரும் அறிவர். அந்தத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில் இந்தியரும் பிற சிறு இனத்தவரும் சேர்ந்து 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதைப் பலர் அறியார். பாலெடுத்து நாட்டை வளர்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அன்று குடியுரிமை இல்லை. 1957இல் சுதந்திரத்தோடு கதவு அகலத் திறந்தது. பலர் மனுப்போட்டுக் குடிமக்கள் ஆனார்கள். பலர் போடவில்லை. எழுதத் தெரியவில்லை, கேட்க ஆளில்லை, ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பு. அதன் விலை பின்னால் தெரிந்தது. 1968ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் கப்பலேறினார்கள். ஒரு தாளில் போடாத கைநாட்டுக்காக, நட்ட மரத்தை விட்டு, புதைத்த பெற்றோரை விட்டுப் போனார்கள். ஒரு குண்டுகூடச் சுடாமலே குடும்பங்கள் பிரிந்தன.

இன்று நிலைமை வேறு. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்த மலேசியக் குடிமகன் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறான். மனுப்போட வேண்டியதில்லை. ஆனால் அடையாள அட்டையில் உள்ள முகவரியை வைத்துத்தான் தொகுதி அமைகிறது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து பத்து ஆண்டுகள் ஆனபின்னும் அட்டையில் பழைய தோட்டத்தின் பெயரையே வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை! பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டதால் அட்டையே கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகளும் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்கும் தாய்மார்கள் இன்றிரவே பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பிள்ளையின் பத்திரமும் இருக்கிறதா, பெயரும் எழுத்தும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் பதிவு இலாகாவுக்குப் போக நாளை என்று தள்ளிப் போட வேண்டாம்.

2013ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலிருந்து, வாக்களிப்பவரின் ஆள்காட்டி விரலில் மை தடவுகிறார்கள். துப்பாக்கியின் விசையை இழுப்பதும் ஆள்காட்டி விரல்தான். எந்த வேலைக்கு அந்த விரலைப் பயன்படுத்துவது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கிள்ளானில் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. நமக்கு இருக்கிறது.

அடுத்த விளையாட்டுப் போட்டியில் உங்கள் மகனோ மகளோ அந்த இரும்பு உருண்டையைக் கையில் எடுக்கும்போது, இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். குண்டு என்றாலும், பெலுரு என்றாலும், புல்லட் என்றாலும் அது முதலில் வெறும் உருண்டைதான். அது என்ன ஆகும் என்பதை உருண்டை முடிவு செய்வதில்லை. அதை ஏந்திய கைதான் முடிவு செய்கிறது.